மதுரையில் ஏர்ஃபோர்ஸ்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநகர், பெருங்குடி, ஒத்தக்கடை, மேலூர் என்று மதுரையைச் சுற்றி விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். மாலையில் நாலைந்து பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் என்ஜினிலும் லேண்டிங்கிலும்தான் வந்து நிற்கும். கல்யாண வீட்டிலும், கேன்டீன் வரிசையிலும், பேரப்பிள்ளைகளிடமும் எங்களுக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் என்ஜின் ஃபிட்டர். டக்கோட்டாவில் தொடங்கி ஏஎன்-32இல் முடித்தவன்; இரண்டும் ஆளும் சரக்கும் ஏற்றிப்போகிற விமானங்கள். பதில்கள் கொஞ்சம் என்ஜின் பக்கமாகச் சாய்ந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்க எல்லாரும் விமானம் ஓட்டினவங்களா?

இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட பைலட் இல்லை. ஏர்ஃபோர்ஸ் என்றாலே பைலட் என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலேயே இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முடியாமல் தவித்தவர்கள் எங்களில் உண்டு.

ஒரு விமானம் பறக்க வேண்டுமானால் என்ஜினுக்கு ஒருவர், உடற்பகுதிக்கு ஒருவர், மின்சாரத்துக்கு, ரேடியோவுக்கு, ஆயுதத்துக்கு என்று தனித்தனி ஆட்கள் வேண்டும். ஒவ்வொருவரும் தன் வேலையை முடித்து எஃப்-700 என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பைலட் அதைப் படித்துப் பார்த்து, கடைசியாகத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். விமானம் விழுந்தால் முதலில் பூட்டி சீல் வைப்பது அந்தப் பதிவேட்டைத்தான். இருபது வயதில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விமானம் திரும்பி வரும்வரை விமானம் நிற்கிற டார்மாக் தரையில் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறோம். எங்கள் கதைகளில் பாதி அந்தக் காத்திருப்பில் பிறந்தவை.

உசிலம்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. அவர் பாக்கெட் என்ற சரக்கு விமானத்தில் ஃப்ளைட் என்ஜினியர், அதாவது பறந்துகொண்டே என்ஜினைக் கவனித்தவர். அந்த மிதப்பு அண்ணனுக்கு இன்னும் போகவில்லை.

மதுரைக்கும் விமானப்படைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம்தான் இன்றைய மதுரை விமான நிலையம். செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் அந்தக் காலத்து ஓடுபாதைகள் இருக்கின்றன. இன்றைக்குப் பெரிய தளங்கள் என்றால் சூலூர், தஞ்சாவூர், தாம்பரம். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர்விமானப் படைப்பிரிவு ஒன்று வந்தது. சூலூரில் தேஜஸ் போர்விமானம். ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. விமானப்படைத் தளம் என்று பலர் சொல்வது தவறு.

லேண்டிங்கில் ‘டொம்’முனு விழுந்தா பைலட் சரியில்லைன்னு அர்த்தமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எங்களுக்குத் தொண்டை வறண்டுபோகிறது. அர்த்தம் அப்படி இல்லை.

மதுரை ரன்வே ஏறக்குறைய 2,285 மீட்டர். மழை பெய்து தண்ணீர் நிற்கும் நாளில் பயணிகள் விமானத்தைப் பூப்போல இறக்கினால், சக்கரம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். டயருக்கும் தரைக்கும் நடுவில் நீர்ப்படலம் புகுந்துவிட்டால் பிரேக் பிடிக்காது. அதனால் ஈரத்தில் சற்று அழுத்தமாக இறக்கி, சக்கரம் உடனே தரையைக் கவ்வும்படி செய்வதுதான் சரியான முறை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ‘என்னய்யா இப்படிப் போடுறான்’ என்று முனகுவார். போட்டது சரிதான். ரொம்ப நேரம் மிதந்து ரன்வேயைத் தின்றுவிட்டு மெதுவாக இறக்குகிற பைலட்டைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

போர்விமானம் என்றால் கணக்கே வேறு. மிக்-21 மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். முக்கோண இறக்கை சின்னது. வேகம் குறைந்தால் தாங்காது. தொட்டதும் வாலில் இருந்து பாராசூட் விரியும். மேலூர்க்காரர் அந்த விமானத்தில் உடற்பகுதி ஃபிட்டராக இருந்தவர். பாராசூட்டை மடித்து உள்ளே வைக்கிற வேலையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். துணியில் மடிப்பு மாறினால் விரியாது, கொக்கி சரியாக மாட்டாவிட்டால் விரிந்ததும் கழன்று பறந்துவிடும். விமானம் ரன்வே முனைவரை ஓடி நின்றுபோனால் பைலட் இறங்கி வந்து முதலில் தேடுவது இவரைத்தான்.

டக்கோட்டாவின் தொல்லை வேறு மாதிரி. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். விமானத்தின் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது வால் முன்னால் வரப் பார்க்கும். தள்ளுவண்டியைப் பின்பக்கமாக வேகமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கொஞ்சம் கோணினாலும் வண்டி சுற்றிக்கொள்ளும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் டக்கோட்டாவை நேராக நிறுத்துவது காலால் செய்கிற வேலை. விமானம் நின்று என்ஜின் அணையும்வரை லேண்டிங் முடியவில்லை என்று பழைய பைலட்கள் சொல்வார்கள். இதோடு துள்ளலும் உண்டு. வேகம் மிச்சமிருக்கும்போது முன்சக்கரம் பட்டால் வால் கீழே போகும், இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும், விமானம் எழும்பும். சிலர் ஒரே ரன்வேயில் மூன்று முறை இறங்குவார்கள். கீழே நின்று நாங்கள் எண்ணுவோம். சத்தமாக எண்ணக் கூடாது.

கரடுமுரடா இறங்கின பிறகு நீங்க என்ன செய்வீங்க?

‘ஹெவி லேண்டிங்’ என்று பைலட் எஃப்-700இல் எழுதிவிட்டால், முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை அந்த விமானம் பறக்காது. எழுதாமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் விமானமே காட்டிக்கொடுத்துவிடும்.

வடக்கே ஒரு தளத்தில் நடந்தது. மாலை நேரம், டக்கோட்டா வந்து நின்றது. பைலட் சிரித்த முகத்தோடு இறங்கி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஒரு கார்ப்பரலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் படுத்தோம். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தகட்டை ஒட்டிச் சாய்வாக அடிக்க வேண்டும். அப்போதுதான் அலுமினியத்தில் விழுந்த சுருக்கம் நிழலாகத் தெரியும். சக்கரக் கால் இறக்கையோடு சேர்கிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம். அதைச் சுற்றி நாலைந்து ரிவெட் தலைகளில் மை தடவியதுபோலக் கறுப்பு. ரிவெட் தளர்ந்து ஆடினால், உரசுகிற அலுமினியம் கறுப்புப் பொடியாக வெளியே வரும். அந்தக் கறுப்பைப் பார்த்தால் ஃபிட்டருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சக்கரக் காலில் எண்ணெய் கசிகிறதா, டயரின் பக்கவாட்டில் வெட்டு இருக்கிறதா, என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா, புரோப்பெல்லர் நுனி தரையில் பட்டதா, பெட்ரோல் வாடை வருகிறதா. அன்றைக்கு ராத்திரி முழுக்க வேலை. பைலட் காலையில் வந்து, ‘அவ்வளவு பலமாவா இறங்கினேன்?’ என்று கேட்டார். சார்ஜென்ட் பதில் பேசாமல் டார்ச்சை அவர் கையில் கொடுத்தார்.

டக்கோட்டாவைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுறீங்க?

பேசாமல் என்ன செய்வது? 1947 அக்டோபர் 27 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு முதல் படைவீரர்களைக் கொண்டுபோனது டக்கோட்டா. 1948 மே 24 அன்று ஏர் கமோடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லடாக்கின் லேயில் இறக்கியதும் அதேதான். லே 10,600 அடிக்கு மேல் இருக்கிறது. விமானத்தில் காற்றழுத்த வசதி கிடையாது. வழியில் இருக்கிற மலைகள், டக்கோட்டா வசதியாகப் பறக்கிற உயரத்தைவிட அதிகம். இறங்கிய இடமும் அவசரத்துக்குச் சமன்படுத்திய மணல்தரை.

2018இல் ஒரு டக்கோட்டாவைப் புதுப்பித்து, ‘பரசுராமா’ என்று பெயர் வைத்து, இங்கிலாந்திலிருந்து பறக்கவிட்டே கொண்டுவந்தார்கள். ஸ்ரீநகர் நடவடிக்கையின் நினைவாக அதற்கு விபி-905 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கூட்டத்தில் யாரும் வேறு பேச்சு பேசவில்லை.

இன்னொரு நல்ல குணம் சொல்கிறேன். டக்கோட்டாவின் சக்கரம் மடங்கினாலும் முழுசாக உள்ளே போகாது, டயரில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் இறங்காமல் வயிற்றால் இறங்க வேண்டி வந்தாலும் அந்த டயர் முதலில் தரையில் பட்டு, பெரிய சேதத்தைத் தடுத்துவிடும்.

பழைய பிஸ்டன் என்ஜினில் அப்படி என்ன விசேஷம்?

டக்கோட்டாவில் இருந்தது பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப். நட்சத்திரம்போல வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்கள், வரிசைக்கு 7 வீதம் இரண்டு வரிசை, 1,200 குதிரைசக்தி. ஒரு வரிசையில் எப்போதும் ஒற்றைப்படைதான் இருக்கும். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரண்டு சுற்றில் எல்லா சிலிண்டருக்கும் சீராக முறை வரும். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து 56. மாற்றச் சொன்னால் அன்றைய பொழுது போய்விடும்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. ராத்திரி முழுக்க நின்ற என்ஜினில், அடிப்பக்க சிலிண்டர்கள் தலைகீழாக இருப்பதால் எண்ணெய் மெல்லக் கசிந்து அவற்றுக்குள் தேங்கிவிடும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் எண்ணெயில் மோதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, புரோப்பெல்லரின் பிளேடைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும். குளிரில் அது பனிக்கட்டிபோலக் கையைக் கடிக்கும். சுற்றும்போது எங்கேயாவது திடமாக முட்டி நின்றால் பலத்தைக் காட்டக் கூடாது, பின்பக்கமும் சுற்றக் கூடாது. பின்னால் சுற்றினால் அந்த எண்ணெய் காற்றுக்குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் செய்யும்போது மறுபடி சிலிண்டருக்கு வரும். கீழே உள்ள பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பதுதான் வழி. அவசரப்பட்டு இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்த இடங்களில் நல்ல என்ஜின்கள் செத்திருக்கின்றன.

அப்புறம் ஸ்டார்ட். ஒரு சிலிண்டர் இருமும், இன்னொன்று தும்மும், வெள்ளையும் நீலமுமாகப் புகை தள்ளும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகும். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றை மட்டும் அணைத்து, சுற்று எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். அளவுக்கு மேல் இறங்கினால் ஏதோ ஒரு பிளக்கோ வயரோ கெட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, அணைத்ததும் எக்ஸாஸ்ட் குழாய்களைத் தொட்டுப்பார்க்கிற கிழவர்கள் இருந்தார்கள். சூடாகாத குழாய் எதுவோ, அதுதான் குற்றவாளி.

ஜெட்டில் இந்தச் சுவாரசியம் கிடையாது. காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, டர்பைனைச் சுற்றி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். சத்தம் மட்டும் ஜாஸ்தி. எங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கு வீட்டில் கூப்பிட்டால் காது கேட்காததற்கு அதுதான் காரணம். (வீட்டு அம்மாக்கள் வேறு காரணம் சொல்கிறார்கள்.)

பாக்கெட் விமானத்துக்கு முதுகில் ஜெட் என்ஜின் இருந்ததாமே, நிஜமா?

நிஜம். உசிலம்பட்டிக்காரர் மிகைப்படுத்தவில்லை. ஃபேர்சைல்டு சி-119 பாக்கெட்டுக்கு 18 சிலிண்டர் பிஸ்டன் என்ஜின் இரண்டு. இமயமலை உயரத்துக்கு அது பத்தவில்லை. அதனால் உடம்பின் மேல்பக்கம் ஒரு ஜெட் என்ஜினை ஏற்றிக்கொண்டார்கள். நாட் போர்விமானத்தில் இருந்த ஓர்ஃபியஸ் குடும்பத்து என்ஜினை, விமானம் கட்டுகிற பெங்களூர் எச்ஏஎல் நிறுவனம் இதற்குப் பொருத்தியது. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அதைப் போட்டுக்கொள்வார்கள்.

1962 ஜூலையில் ஒரு பாக்கெட், லடாக்கில் 16,600 அடிக்கு மேல் இருக்கிற தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்று மெலிந்தால் என்ஜின் பலம் குறையும். இறக்கை தாங்குவதற்கு வேகமும் கூட வேண்டும். வேகமானியில் மதுரையில் காட்டுகிற அதே எண்ணைத்தான் காட்டும், ஆனால் தரை கீழே பாய்ந்து ஓடும். பழக்கமில்லாதவர் வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார், அங்கே தொலைந்தார். பிறகு அந்தத் தளம் பல வருஷம் மூடிக்கிடந்தது. 2008 மே 31இல் ஏஎன்-32 போய் இறங்கியது. 2013 ஆகஸ்டில் சி-130ஜே என்ற பெரிய சரக்கு விமானம்.

ஏஎன்-32 என் செல்லம். 1984இல் வந்தது. இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஏஐ-20 டர்போபிராப் என்ஜின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5,000 குதிரைசக்தி. மேலே வைத்ததால் பெரிய புரோப்பெல்லர் மாட்ட முடிந்தது. மண் ரன்வேயில் கல் தெறித்தாலும் பிளேடில் அடி குறைவு. லே பக்கம் காலையிலேயே போய் இறக்கிவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். மத்தியானம் காற்று கிளம்பிவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் மரியாதை கிடையாது.

மிக்-21ஐ ‘பறக்கும் சவப்பெட்டி’ என்கிறார்களே?

மேலூர்க்காரர் முன்னால் இதைக் கேட்காதீர்கள். அவர் எழுந்து போய்விடுவார்.

விபத்துகள் நடந்தன, நல்ல பையன்கள் போனார்கள். அதை மறைக்க முடியாது. ஆனால் 1963 முதல் 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைகொடுக்கும்வரை 62 வருஷம் பறந்த விமானம் அது. எண்ணிக்கையிலும் அதுபோல நம்மிடம் வேறெதுவும் இல்லை. இன்னொன்று, ரொம்ப காலம் இளைஞர்கள் கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு, நேராக இந்த வேகத்துக்கு வர வேண்டியிருந்தது. நடுவில் ஒரு படி வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஹாக் பயிற்சி விமானம் வந்தது 2008இல்தான். படியைக் கட்டாதவர்களை விட்டுவிட்டு விமானத்தை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நடுவானத்தில் என்ஜின் அணைஞ்சா விமானம் கல் மாதிரி விழுந்துடுமா?

விழாது, சறுக்கும். எவ்வளவு தூரம் சறுக்கும் என்பது விமானத்தைப் பொறுத்தது. உயரம் இருந்தால் ஜெட்டை மறுபடி பற்றவைக்கலாம். எதிர்காற்றிலேயே கம்ப்ரெசர் சுற்றிக்கொண்டிருக்கும், எரிபொருளையும் பொறியையும் கொடுத்துப் பார்ப்பார்கள். தாழ்வாக இருக்கும்போது ஒற்றை என்ஜின் போர்விமானத்தில் அணைந்தால் யோசிக்க நேரம் கிடையாது, குதிக்க வேண்டியதுதான். நம் ஊரில் பெரிய எதிரி, என்ஜினுக்குள் போய்ச் சிக்குகிற பருந்தும் கழுகும். தளத்தைச் சுற்றி இறைச்சிக் கழிவு கொட்டாதீர்கள் என்று கெஞ்சுவது அதற்காகத்தான். அதேபோல, காலையில் அதிகாரி முதல் ஏர்மேன் வரை ரன்வேயில் வரிசையாக நடந்து கல், ஆணி, நட்டு பொறுக்குவோம். ஒரு சின்ன நட்டு போதும், கம்ப்ரெசர் பிளேடு மொத்தமும் போய்விடும்.

நீங்க சொல்ற கதையில எவ்வளவு நிஜம்?

முக்கால்வாசி. பைலட்கள் சொன்னால் உயரம் கூடும், நாங்கள் சொன்னால் குளிர் கூடும். உசிலம்பட்டிக்காரர் கதையில் வருஷத்துக்கு வருஷம் ரன்வே குட்டையாகிக்கொண்டே போகிறது. நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேளுங்கள். அங்கே இருந்தவர் யோசிக்காமல் சொல்வார். கேள்விப்பட்டுச் சொல்கிறவர் டீ சொல்லப் போய்விடுவார்.

நீங்கள் பேசாத கதை ஏதாவது உண்டா?

உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக்கடலில் காணாமல் போனது. எட்டு வருஷம் நெருங்கும்போது, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். நான் வேலை பார்த்த ரகம் அது. யாராவது அதைப் பற்றி ஆரம்பித்தால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுகிறோம். தயவுசெய்து கேட்காதீர்கள்.

பெண்கள் போர்விமானம் ஓட்டுகிறார்களா?

2016 ஜூனில் முதல் மூன்று பேர் வந்தார்கள்: அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். விமானத்துக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது.

பையனைச் சேர்க்கணும், உங்க சிபாரிசு கிடைக்குமா?

கிடைக்காது, தேவையும் இல்லை. 2022 முதல் ஏர்மேன் வேலைக்குப் பெரும்பாலும் அக்னிவீர் வாயு வழியாகத்தான் எடுக்கிறார்கள், நாலு வருஷம். இணையத்தில் விண்ணப்பம், தேர்வு, உடல்தகுதி என்று எல்லாம் முறைப்படி நடக்கும். காசு கேட்கிற ஆள் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பையனுக்குக் கணக்கும் இயற்பியலும் வரவில்லை என்றால் ஓட வைப்பதை விட்டுவிட்டு முதலில் அதைப் படிக்க வையுங்கள்.

இந்த என்ஜின்களை எங்கே போய்ப் பார்க்கலாம்?

பக்கத்தில் என்றால் பெங்களூர் எச்ஏஎல் அருங்காட்சியகம். மதுரையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்விடலாம். எச்ஏஎல் கட்டிய மருத் போர்விமானம் நிற்கிறது, என்ஜின்களையும் வைத்திருக்கிறார்கள். டெல்லிக்குப் போகிறவர்கள் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தை விடாதீர்கள். வாப்பிட்டி, ஸ்பிட்ஃபயர், லிபரேட்டர் என்று பழைய போர்விமானங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த லிபரேட்டர் ரகத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த விமானங்களை எச்ஏஎல் ஆட்கள் ஒட்டுப்போட்டுப் பறக்கவைத்தார்கள். 1968 வரை அவை வேலை செய்தன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் மூக்குப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாமல், சக்கரம் இறக்கையோடு சேர்கிற இடத்தைக் குனிந்து பாருங்கள். ரிவெட்டைச் சுற்றி ஏதாவது கறுப்பு தெரிந்தால் வந்து சொல்லுங்கள்.